பழைய ஜப்பானிய பைக்கை வீட்டிலேயே மீட்டெடுக்க முழுமையான வழிகாட்டி: முதலில் ஓட்டம், அப்புறம் அழகு

1969-ல் ஹோண்டா சிபி750 வந்தபோது நான்கு சிலிண்டர் எஞ்சின், செல்ஃப் ஸ்டார்ட், முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் எல்லாம் ஒரே வண்டியில் ஷோரூமுக்கு வந்து சேர்ந்தன. 1970-ல் யமஹா எக்ஸ்எஸ்650, 1971-ல் தண்ணீரால் குளிரும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினோடு சுசுகி ஜிடி750, 1972-ல் 903 சிசி கவாசாகி இசட்1 என்று வரிசையாக வந்தன. அந்தப் பத்து ஆண்டுகளில் ஜப்பானில் செய்த எஞ்சின்களின் தரம் இன்றைக்குத் திறந்து பார்த்தாலும் வியக்க வைக்கும். அதைவிடப் பெரிய விஷயம், அவற்றை வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்துச் சேர்க்க முடியும். கம்ப்யூட்டர் கிடையாது, சென்சார் கிடையாது. கார்புரேட்டர், பாயிண்ட், கேபிள், செயின் என்று எல்லாமே கண்ணால் பார்த்து, அளந்து, கையால் சரிசெய்யக்கூடியவை.

அப்படியும் பாதியில் நின்றுபோன வண்டிகள் பெட்டி பெட்டியாக விற்பனைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. காரணம் பெரும்பாலும் வேலையின் வரிசைதான். வாங்கிய வாரமே சேஸிஸை அறுப்பார்கள், டேங்குக்குப் பெயின்ட் அடிப்பார்கள், சீட்டு தைப்பார்கள். எஞ்சினில் கோளாறு என்று தெரியவரும்போது கையிலிருந்த பணமும் ஆர்வமும் தீர்ந்திருக்கும். அதனால் இந்த வழிகாட்டி ஒரு வரிசையில் பிடிவாதமாக இருக்கிறது. வண்டி முதலில் இருக்கிற கோலத்திலேயே ஓட வேண்டும். அடுத்து ஒழுங்காக நிற்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிரிப்பதும் அழகுபடுத்துவதும்.

எந்த வண்டியை எடுப்பது

முதல் முறை செய்பவருக்கு ஹோண்டா சிபி350 போன்ற இரட்டை சிலிண்டர் வண்டியோ எக்ஸ்எஸ்650-யோ நல்ல தொடக்கம். இரண்டு கார்புரேட்டர், இரண்டு பிளக், எளிய வயரிங். நான்கு சிலிண்டர் வண்டியில் எல்லா வேலையும் இரண்டு மடங்கு. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் திறக்க எளிது. ஆனால் யமஹா ஆர்டி350 போன்றவற்றில் கிராங்க் சீல் (கிராங்க் தண்டின் முனைகளை அடைக்கும் ரப்பர் வளையம்) காய்ந்துபோயிருந்தால் அதன் வழியே காற்று உள்ளே புகும். கலவையில் பெட்ரோல் குறைந்து, பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். பல காலம் நின்ற டூ ஸ்ட்ரோக்கை வாங்கினால் கிராங்க் சீல் மாற்றுவதையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

வாங்கும்போது பளபளப்பைப் பார்க்காதீர்கள். வண்டி முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். பிஸ்டன், ரிங், கேஸ்கட், பிரேக் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. பக்க மூடி, டேங்க் மூடி, ஏர் ஃபில்டர் பெட்டி, அசல் சைலன்சர் இவைதான் கிடைக்காமல் அலைய வைக்கும். டேங்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலோட்டமான துரு பரவாயில்லை. அடிப்பகுதியில் ஓட்டை விழும் அளவுக்குத் தின்றிருந்தால் விலையில் குறைக்கச் சொல்லுங்கள், இல்லை விட்டுவிடுங்கள்.

ஆவணம் சரியாக இல்லாத வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். ஸ்டீயரிங் கழுத்தில் குத்தியிருக்கும் சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் காகிதத்தோடு ஒப்பிடுங்கள். அந்தக் கால ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் இந்த இரண்டு எண்களும் ஒன்றாக இருக்காது. அதைப் பார்த்து அஞ்ச வேண்டாம், இரண்டும் அந்த மாடலுக்கு உரியவையா என்பதுதான் முக்கியம். எண்ணை ராவியோ திரும்பக் குத்தியோ இருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

கருவிகளும் மேனுவலும்

கம்பெனி வெளியிட்ட சர்வீஸ் மேனுவல்தான் முதல் கருவி. வால்வ் இடைவெளி, ஃப்ளோட் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) உயரம், போல்ட்டு இறுக்கும் அளவு எல்லாம் அதில் இருக்கும். ஒரே மாடலில் ஆண்டுக்கு ஆண்டு அளவுகள் மாறும் என்பதால் உங்கள் வண்டியின் ஆண்டுக்கு உரியதையே தேடிப் பிடியுங்கள்.

ரிங் ஸ்பேனர், சாக்கெட் செட், டார்க் ரெஞ்ச், ஃபீலர் கேஜ், மல்டிமீட்டர், கம்ப்ரஷன் கேஜ் வேண்டும். இவற்றோடு பலரும் தவறவிடும் ஒன்று ஜேஐஎஸ், அதாவது ஜப்பானியத் தொழில் தர அளவுக்குச் செய்த ஸ்க்ரூடிரைவர். ஜப்பானிய ஸ்க்ரூவின் கூட்டல் குறித் தலை பிலிப்ஸ் போலவே தோன்றும், ஆனால் வடிவம் வேறு. பிலிப்ஸ் முனை அதில் முழுதாக உட்காராது. அழுத்தித் திருப்பினால் மேலே எழும்பித் தலையை வழித்துவிடும். தலையில் சின்னப் புள்ளி ஒன்று இருந்தால் அது ஜேஐஎஸ். எஞ்சின் மூடியில் இறுகிப்போன ஸ்க்ரூக்களுக்கு, சுத்தியால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவரில் ஜேஐஎஸ் பிட் போட்டு ஒரு தட்டு தட்டுங்கள். அலுமினியத்தில் பிடித்துக்கொண்ட இரும்பு போல்ட்டுக்கு முந்தைய நாளே ஊடுருவும் எண்ணெய் விட்டு, மறுநாள் ஹீட் கன்னால் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கித் திருப்புங்கள். அவசரப்பட்டு முறுக்கினால் போல்ட்டு உள்ளேயே முறியும். மரை போய்விட்டாலும் வழி உண்டு. துளையைப் பெரிதாக்கிக் கம்பிச் சுருள் மரை ஒன்றைச் செருகினால், அலுமினியத்தில் அது அசல் மரையைவிட வலுவாகவே நிற்கும்.

தூங்கிய எஞ்சினை எழுப்புதல்

பல ஆண்டுகள் நின்ற வண்டியின் கிக்கரை உடனே உதைக்காதீர்கள், செல்ஃப் பட்டனையும் தொடாதீர்கள். சிலிண்டர் சுவரில் எண்ணெய் காய்ந்து, ரிங் துருவில் ஒட்டியிருக்கலாம். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு நாள் விடுங்கள். அப்புறம் கிராங்க் முனை போல்ட்டில் ஸ்பேனர் வைத்து மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். மேனுவலில் அந்த போல்ட்டைத் திருப்ப வேண்டிய திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சுற்றவில்லை என்றால் அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் சம அளவில் கலந்து சிலிண்டருக்குள் ஊற்றுங்கள். அசிட்டோன் எளிதில் தீப்பிடிக்கும், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். சில நாட்கள் ஊறவிட்டு, மேல் கியரில் போட்டு, பின் சக்கரத்தை முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துக்கொண்டே இருங்கள். ஒரு மயிரிழை நகர்ந்தாலும் போதும், மீதி தானாக வரும். வாரக்கணக்கில் ஊறியும் அசையாவிட்டால் ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

எஞ்சின் சுற்ற ஆரம்பித்ததும் பழைய ஆயிலை வடித்து, அடியில் படிந்திருப்பதைப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை சகஜம். வெள்ளி மினுக்கலும் உலோகச் சில்லுகளும் வந்தால் பேரிங் போயிருக்கிறது என்று பொருள். சிபி350 இரட்டை சிலிண்டரில் காகித ஃபில்டர் கிடையாது. வலப்பக்க மூடிக்குள் சுழலும் கிண்ணம் ஒன்றுதான் அழுக்கைப் பிரிக்கும். பல வண்டிகளில் அது கெட்டியான சேற்றால் நிரம்பிக் கிடக்கும், யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்துவிட்டுப் புது ஆயில் ஊற்றுங்கள். இந்த எஞ்சின்களில் கிளட்ச் ஆயிலிலேயே மூழ்கி ஓடுகிறது. எரிபொருள் சிக்கனத்துக்காக வழவழப்பு கூட்டிய கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ஜாசோ எம்ஏ (ஆயிலில் மூழ்கிய கிளட்ச்சுக்கு ஏற்றது என்ற ஜப்பானியத் தரக் குறி) என்று போட்டிருப்பதையே வாங்குங்கள்.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் உண்டாக்கும் அழுத்தம். எல்லாப் பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திறந்து வைத்துக் கிக்கர் அடித்து அளவெடுங்கள். ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைவாகக் காட்டும் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளவெடுங்கள். அளவு ஏறினால் ரிங்கிலோ போரிலோ (சிலிண்டரின் உட்சுவர்) தேய்மானம். ஏறவில்லை என்றால் வால்வு சரியாக மூடவில்லை. வால்வில் முதலில் டேப்பட் இடைவெளியை (மேனுவல் சொல்லும் வால்வ் இடைவெளி) பாருங்கள், பல நேரம் கோளாறு அங்கேயே முடிந்துவிடும். சிபி350-ல் இன்லெட் 0.05 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.10 மி.மீ. இதை எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும்.

கார்புரேட்டர்: நேரத்தைச் செலவிட வேண்டிய இடம்

பழைய பைக்கின் கோளாறுகளில் பெரும்பங்கு இங்கேதான். நின்றுபோன பெட்ரோல் காய்ந்து, பச்சை கலந்த அரக்காக மாறி, நுண் துளைகளை எல்லாம் அடைத்துவிடும். வெளியில் துடைத்து ஸ்ப்ரே அடித்தால் இது போகாது. முழுதாகப் பிரிக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு கார்புரேட்டரை மட்டும் பிரியுங்கள். மற்றது அப்படியே இருந்தால் சந்தேகம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம், பாகங்களும் கலக்காது. ஃப்ளோட் கிண்ணத்தைத் திறந்ததும் மெயின் ஜெட், பைலட் ஜெட், ஊசி வால்வு தெரியும். பைலட் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. ஐட்லிங் நிற்காமல் படுத்தும் வண்டிகளில் பெரும்பாலும் குற்றவாளி இதுதான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். இரும்புக் கம்பியோ டிரில் பிட்டோ விட்டுக் குடையாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிட்டால் ஜெட்டின் அளவே மாறிப்போகும். கார்ப் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடியுங்கள். அல்ட்ராசோனிக் தொட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. முரண்டு பிடித்தால் ஒற்றை மெல்லிய செப்பு இழை போதும். கார்புரேட்டர் உடம்புக்குள் ஓடும் பாதைகளையும் மறக்காதீர்கள். ஒரு துளையில் கிளீனரைப் பீய்ச்சினால் மறு துளையில் வருகிறதா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

கெய்ஹின், மிகுனி என்ற இரண்டு கார்புரேட்டர் கம்பெனிகளின் வேக்குவம் வகை பல வண்டிகளில் உண்டு. அதில் காற்றுப் பாதையைத் திறந்து மூடும் ஸ்லைடைத் தூக்குவது காற்றழுத்த வித்தியாசம். டயாஃப்ரம் என்ற மெல்லிய ரப்பர் சவ்வு இருக்கும் மாடலில் அந்த ரப்பர் மேல் கார்ப் கிளீனர் படவே கூடாது, ஊதிப்போய்ப் பயனற்றதாகிவிடும். விளக்குக்கு நேரே பிடித்து ஊசித் துளை இருக்கிறதா என்று பாருங்கள். துளை விழுந்த டயாஃப்ரம் ஸ்லைடைத் தூக்காது. வண்டி ஐட்லிங்கில் நன்றாக நின்று, வேகம் கூட்டும்போது இழுக்காமல் திணறும்.

ரிப்பேர் கிட் வாங்கும்போது ஒரு யோசனை. கேஸ்கட், ஓ ரிங், ஊசி வால்வு புதிதாகப் போடுங்கள். ஆனால் கிட்டில் வரும் ஜெட்டுகளைப் போட்டு அசல் ஜெட்டுகளைத் தூக்கிப்போடாதீர்கள். மலிவு கிட்டுகளில் ஜெட்டின் மேல் குத்தியிருக்கும் எண்ணும் உண்மை அளவும் ஒத்துப்போகாததுண்டு. சுத்தம் செய்த அசல் பித்தளையை நான் எப்போதும் அதிகம் நம்புவேன்.

சேர்க்கும்போது ஃப்ளோட் உயரத்தை மேனுவல்படி வையுங்கள். எஞ்சினுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே உள்ள ரப்பரை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள், அதன் வழியே காற்று இழுத்தால் எந்த ட்யூனிங்கும் நிற்காது. எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகு வேக்குவம் கேஜ் மாட்டி எல்லாக் கார்புரேட்டரும் ஒரே அளவு இழுக்கும்படி ஒத்திசைக்க வேண்டும். இதைச் செய்த பின் அதே எஞ்சின் வேறு எஞ்சின் போலச் சீராகச் சுழலும்.

டேங்க்

டேங்கில் பெட்ரோல் ஆவி தங்கியிருக்கும், அருகில் நெருப்பு வேண்டாம். பெட்ரோல் டேப்பைக் கழற்றித் துளையை அடையுங்கள். சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கை நீக்கிவிட்டு, ஒரு லிட்டர் வெந்நீருக்கு 50 முதல் 100 கிராம் எலுமிச்சை உப்பு கரைத்து வாய்வரை நிரப்புங்கள். ஒரு நாள் விட்டால் பெரும்பாலான துரு கரைந்துவிடும். வடித்து அலசி, ஆப்ப சோடா கலந்த தண்ணீரால் அமிலத்தை முறித்து, உடனே சூடான காற்றால் உலர்த்துங்கள். ஈரத்தோடு விட்டால் சிறிது நேரத்திலேயே புதுத் துரு செம்மண் நிறத்தில் படரும். உலர்ந்ததும் கொஞ்சம் டூ ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். ஓட்டை இல்லாத டேங்குக்கு உள்பூச்சு வேண்டாம். சரியாக ஒட்டாத பூச்சு உரிந்து வந்தால், சுத்தம் செய்த கார்புரேட்டர் மறுபடி அடைபடும்.

கரன்ட்

பாயிண்ட் இக்னிஷனை, அதாவது திறந்து மூடும் இரண்டு உலோக முனைகளால் பிளக்குக்குப் பொறி தரும் முறையை, அஞ்ச வேண்டாம். முனைகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, துணியால் துடைத்து, இடைவெளியை 0.3 முதல் 0.4 மி.மீ.க்குள் வையுங்கள். ரோட்டரில் உள்ள எஃப் குறி நேராக வரும்போது பாயிண்ட் சரியாகத் திறக்க வேண்டும். சாவியைப் போட்டு, ஒரு 12 வோல்ட் பல்பைப் பாயிண்டுக்கும் எர்த்துக்கும் நடுவே மாட்டினால் திறக்கும் கணத்தில் எரியும். பாயிண்டில் நீலப் பொறி பளிச்சென்று தெறித்தால் கண்டன்சர் போயிருக்கும்.

வயரிங்கைப் புரிந்துகொள்ள நிறங்கள் உதவும். ஹோண்டாவில் பச்சை எர்த், சிவப்பு பேட்டரி, கறுப்பு சாவி போட்டதும் வரும் கரன்ட். யமஹாவில் கறுப்பு எர்த், சிவப்பு பேட்டரி, பழுப்பு சாவிக்குப் பின். ஒரு கம்பெனியின் பழக்கத்தை இன்னொன்றில் வைத்து மாட்டினால் என்ன ஆகும் என்று இதிலேயே தெரியும். ஐம்பது ஆண்டு வயரிங்கில் கம்பி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும், இணைப்புகள்தான் பச்சை பூத்திருக்கும். ஒவ்வொரு புல்லட் கனெக்டரையும் கழற்றித் தேய்த்து மாட்டுங்கள். எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே உள்ள எர்த் கம்பியையும் அப்படியே.

ஓடும்போது பேட்டரியில் மல்டிமீட்டர் வையுங்கள். 4,000 முதல் 5,000 ஆர்பிஎம்மில் 14 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். 13-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஆகவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போயிருக்கிறது, அப்படியே ஓட்டினால் பேட்டரி கொதித்துவிடும்.

நிற்க வைத்தல்

பிரேக்கில் சிக்கனம் வேண்டாம். பழைய ரப்பர் ஹோஸ் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே ஊதி அடைத்திருக்கும். லீவரை விட்டும் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கும். எஃகு இழை பின்னிய புது ஹோஸ் போடுங்கள். மாஸ்டர் சிலிண்டரில் இரண்டு துளைகளில் ஒன்று கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. அது அடைந்திருந்தாலும் இதே கோளாறுதான் வரும். கேலிப்பர் பிஸ்டனைக் காற்றடித்து வெளியேற்றாதீர்கள், குண்டு போலப் பாய்ந்து விரலை நசுக்கும். பழைய ஹோஸ் மாட்டியிருக்கும்போதே லீவரை அழுத்தி வெளியே தள்ளுங்கள். பிஸ்டனில் துருக்குழி இருந்தால் புதிது போடுங்கள். டாட் 3, டாட் 4 வகை பிரேக் திரவம் பெயின்டைக் கரைக்கும் என்பதால் பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். சிலிகானால் ஆன டாட் 5-ஐ இவற்றோடு கலக்கவே கூடாது. டிரம் பிரேக்கில் பழைய ஷூ தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். இன்னொன்று: குளோரின் கலந்த பிரேக் கிளீனர் தெளித்த இடத்தில் வெல்டிங் செய்தால் நச்சு வாயு வரும். வெல்டிங் செய்யப்போகும் பாகத்தில் அதைப் பயன்படுத்தவே வேண்டாம்.

டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கங்கள் வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். மூன்று இலக்கம்தான் இருக்கிறது என்றால் அது 2000-க்கு முந்தைய டயர், பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் கழற்றிப் போடுங்கள். டியூபையும் ரிம் நாடாவையும் சேர்த்தே மாற்றுங்கள்.

முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ஃபோர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். டக் டக் என்றால் ஸ்டீயரிங் பேரிங் தளர்ந்திருக்கிறது. ஹேண்டிலைத் திருப்பும்போது நடுவில் ஒரு இடத்தில் பொருந்தி நின்றால் பேரிங்கில் குழி விழுந்திருக்கிறது. குண்டு பேரிங்குக்குப் பதிலாகக் கூம்பு ரோலர் பேரிங் போடுவது இந்த வண்டிகளுக்கு நான் மனதாரச் சொல்லும் மேம்பாடு. பின் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்து ஸ்விங் ஆர்ம் புஷ்ஷையும் பாருங்கள். செயின் மாற்றினால் இரண்டு ஸ்பிராக்கெட்டையும் கூடவே மாற்ற வேண்டும்.

இப்போது போக்குவரத்து இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எல்லாக் கியரும் விழுகிறதா, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் கியர் துள்ளி வெளியே வருகிறதா, கிளட்ச் வழுக்குகிறதா, நீலப் புகை எப்போது வருகிறது என்று கவனித்து எழுதி வையுங்கள். இந்தப் பட்டியல்தான் அடுத்து எதைத் திறக்க வேண்டும், எதைத் தொட வேண்டாம் என்று சொல்லும்.

எஞ்சினைத் திறக்க வேண்டுமா

கம்ப்ரஷன் நன்றாக இருந்து, புகையும் சத்தமும் இல்லை என்றால் திறக்காதீர்கள். வெளிப்பக்க ஆயில் சீல்களையும் மூடி கேஸ்கட்களையும் மாற்றினால் போதும். திறந்தே ஆக வேண்டும் என்றால், எஞ்சின் சேஸிஸில் இருக்கும்போதே முன் ஸ்பிராக்கெட் நட்டைத் தளர்த்திவிடுங்கள். கியரில் போட்டுப் பின் பிரேக்கை அழுத்திக்கொண்டால் எளிதாக வரும். மேசை மேல் வைத்த பிறகு அது உங்களை வாட்டி எடுக்கும்.

போர் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் பெரிதாக்கலாம். பொதுவாக 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று கூடுதல் அளவில் பிஸ்டன்கள் வரும். முதலில் பிஸ்டனை வாங்கிக் கையில் கொடுங்கள், அதை அளந்து அதற்கேற்பப் போர் செய்யட்டும். ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து தொடங்கிக் குறுக்கு மறுக்காக, இரண்டு மூன்று கட்டமாக இறுக்க வேண்டும்.

உருவத்தை மாற்றுதல்

தாழ்ந்த ஹேண்டில் வைத்த கஃபே ரேசரா, மண் பாதைக்கேற்ற ஸ்கிராம்ப்ளரா, அகலமான தட்டைச் சீட்டு வைத்த எளிய வண்டியா என்பது உங்கள் ரசனை. ஆனால் எந்த வெட்டும் வெல்டிங்கும் பெயின்டுக்கு முன்னால் முடிய வேண்டும். பெயின்ட் அடிக்காத பாகங்களை எல்லாம் மாட்டி, சக்கரத்தில் நிறுத்தி, ஏறி உட்கார்ந்து பாருங்கள். பக்கவாட்டிலிருந்து ஒரு படம் எடுத்தால் டேங்கின் அடிக்கோடும் சீட்டின் கோடும் ஒத்துப்போகிறதா என்று தெரியும். அழகான வண்டிகளின் ரகசியம் பெரும்பாலும் இந்த ஒரு கோடுதான்.

திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிகிற மாற்றங்களை முதலில் செய்யுங்கள். போல்ட்டால் மாட்டுவது அறுப்பதைவிட எப்போதும் மேல். சிபி750-யின் தொடக்க கால மாடல், இசட்1 போன்றவை அசலாக இருந்தால் அவற்றை அறுக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அசலாக மிஞ்சியவை குறைந்துகொண்டே வருகின்றன. ஏற்கெனவே பாகங்கள் தொலைந்த வண்டிதான் கஸ்டமுக்கு ஏற்றது.

சேஸிஸின் பின்பகுதியை அறுக்கத்தான் வேண்டும் என்றால், ஷாக் மாட்டும் இடத்துக்கு மிக அருகில் போகாதீர்கள். அறுத்த இரண்டு முனைகளையும் வளைந்த குழாயால் இணைத்து, உள்ளே ஒரு துண்டு செருகி வெல்டிங் செய்ய வேண்டும். முனைகளைத் தனித்தனியாக விட்டால் ஆளின் எடையில் விரியும். ஷாக்கைக் கழற்றி, பின் சக்கரத்தை முழுதாக மேலே தூக்கி, டயர் சீட்டிலோ வயரிலோ உரசுகிறதா என்று பாருங்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.

ஃபோர்க் குழாயிலேயே நேரடியாகப் பிடிக்கும் தாழ்வான கிளிப் ஆன் ஹேண்டில் போட்டால், இரு பக்கமும் முழுதாகத் திருப்பும்போது கை டேங்கில் இடிக்கக் கூடாது, கேபிள் இழுபடக் கூடாது. இழுபட்டால் ஹேண்டிலைத் திருப்பும்போது ஐட்லிங் தானாக ஏறும், அது ஆபத்து. கால் வைக்கும் இடத்தையும் பின்னால் தள்ளாமல் ஹேண்டிலை மட்டும் தாழ்த்தினால் மணிக்கட்டும் முதுகும் வலிக்கும்.

இனி, எல்லோரும் ஆசைப்படும் அந்தக் கூம்பு ஏர் ஃபில்டர்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் வேக்குவம் கார்புரேட்டர், அசல் ஏர் பெட்டியில் இருக்கும் அமைதியான காற்றை நம்பி வடிவமைக்கப்பட்டது. பெட்டியை எடுத்துவிட்டால் நடு வேகத்தில் இழுவை குழம்பும். மலிவு ஃபில்டர்களின் ரப்பர் உதடு கார்புரேட்டர் வாயில் இருக்கும் சின்னக் காற்றுத் துளைகளை மூடிவிடுவதும் உண்டு. பெட்டி கையில் இருந்தால் அதையே வையுங்கள். இல்லாதபோது நல்ல தரமான ஃபில்டர் போட்டு, மெயின் ஜெட்டை ஒரு அளவு ஏற்றி, ஓட்டி, பிளக்கைப் பாருங்கள். வெள்ளையாக வெளிறியிருந்தால் பெட்ரோல் குறைவு, கரி படிந்திருந்தால் அதிகம், இளம் பழுப்பு சரி. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். சைலன்சரையும் ஃபில்டரையும் ஜெட்டையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் எது ஆனது என்றே தெரியாது.

எல்இடி இண்டிகேட்டர் போட்டால் ஃபிளாஷர் ரிலேயையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் சிமிட்டாது. லித்தியம் பேட்டரிக்குப் பழைய ரெகுலேட்டர் ஆகாது. விளக்கு, சைலன்சர், சேஸிஸ் மாற்றங்களுக்கு உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை அறுக்கும் முன் பார்த்துவிடுங்கள்.

பெயின்டும் பளபளப்பும்

சேஸிஸுக்குப் பவுடர் கோட்டிங் உறுதியானது. கொடுக்கும் முன் எல்லா மரைத் துளைகளையும் பேரிங் உட்காரும் இடங்களையும் சேஸிஸ் எண்ணையும் மறைக்கச் சொல்லுங்கள். தடித்த பூச்சில் எண் மறைந்துபோனால் பின்னால் பெரிய தலைவலி. எர்த் மாட்டும் இடத்திலும் எஞ்சின் போல்ட்டு உட்காரும் இடத்திலும் பூச்சைச் சுரண்டி உலோகம் தெரிய வைக்க வேண்டும். புது வயரிங்கில் எதுவுமே எரியவில்லை என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

டேங்குக்கு எபாக்ஸி பிரைமர், நிறம், மேலே இரண்டு பாகம் கலக்கும் கிளியர் கோட். சாதாரண ஸ்ப்ரே கிளியர் பெட்ரோல் சிந்தினால் கரைந்துவிடும். இரண்டு பாகக் கிளியரில் ஐசோசயனேட் இருக்கிறது, தூசி முகமூடி அதைத் தடுக்காது. காற்று தரும் முறையான முகக்கவசம் இல்லை என்றால் பெயின்ட் கடையில் கொடுத்துவிடுங்கள்.

அலுமினிய மூடிகளில் கம்பெனி பூசிய கிளியர் இருக்கும். அதை ஸ்ட்ரிப்பரால் நீக்காமல் பாலிஷ் போட்டால் திட்டுத் திட்டாகவே இருக்கும். நீக்கிய பின் 400, 600, 800, 1000 என்று நீர் உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்து, கடைசியில் பஃப் வீலில் பாலிஷ் கொடுங்கள். முதல் தாளில் ஆழமான கீறலை முழுதாக எடுக்காமல் அடுத்ததற்குப் போனால், முகம் தெரியும் பளபளப்பில் அந்தக் கீறலும் தெரியும்.

சேர்த்தலும் முதல் ஓட்டமும்

பிரிக்கும்போது எடுத்த படங்களும், பாகத்தின் பெயர் எழுதிய பைகளில் போட்ட போல்ட்டுகளும் இப்போது கை கொடுக்கும். அலுமினியத்தில் போகும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் மரை பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் ஆன்டி சீஸ் பசையைத் துளி தடவலாம். ஆனால் மேனுவலின் இறுக்கும் அளவு உலர்ந்த மரைக்கானது, தடவினால் கொஞ்சம் குறைத்தே இறுக்குங்கள். 6 மி.மீ. போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டரே போதும். மரையைக் கெடுப்பது பெரும்பாலும் கூடுதல் கைவலுதான்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக் இல்லாமல் எஞ்சினைச் சுற்றி ஆயில் மேலே ஏறவிடுங்கள். ஸ்டார்ட் ஆனதும் பெட்ரோல் கசிவு, ஆயில் விளக்கு, சார்ஜ் வோல்டேஜ் மூன்றையும் பாருங்கள். பக்கத்தில் தீயணைப்பான் இருக்கட்டும். புது ரிங் போட்ட எஞ்சினை நின்ற இடத்திலேயே நீண்ட நேரம் ஐட்லிங்கில் விடாதீர்கள். மிதமான சுமையில், வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் ரிங் போரில் நன்றாக அமரும்.

100 கி.மீ. போனதும் ஆயிலை மாற்றுங்கள். எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த பின் டேப்பட்டை மறுபடி அளந்து, ஹெட் நட்டை மறுபடி இறுக்க வேண்டுமா என்று மேனுவலைப் பாருங்கள். சக்கரக் கம்பிகள், எஞ்சின் போல்ட்டுகள், எக்ஸாஸ்ட் நட்டுகள் எல்லாம் ஒருமுறை தளரும், சரிபாருங்கள். 500 கி.மீ.ல் இன்னொரு ஆயில் மாற்றம், கார்புரேட்டர் ஒத்திசைவு. இடையில் மூன்று நான்கு வாரம் வண்டியை நிறுத்த வேண்டி வந்தால், டேங்கை நிரப்பி வைத்து, பெட்ரோல் டேப்பை மூடி, ஃப்ளோட் கிண்ணத்தில் இருப்பதை அடி ஸ்க்ரூ வழியாக வடித்துவிடுங்கள்.